கலையும் கோஷமும் – கடிதம்

வணக்கம்.

பெண்ணியக் கலை என்று இப்போது காட்டப்படுபவை எனக்குக் கோஷங்களாகவே தெரிகின்றன. செருப்பை அடுக்குவதும் சீட்டு எழுதித் தொங்கவிடுவதும் கலையா? இவற்றால் ஒரு சட்டமாவது மாறியதா? நான் ஓவியம் வரைகிறவள், போராட்டங்களுக்கும் போகிறேன். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

– ஒரு வாசகி

அன்புள்ள தோழிக்கு,

சட்டம் மாறியதா என்ற கேள்வியை விடுங்கள். இயற்கைக்காட்சி வரைகிறவரிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. 'செருப்பை அடுக்குவது' என்ற அலட்சியம்தான் உறுத்துகிறது. 2009-ல் மெக்சிகோவின் சியூதாத் ஹுவாரெஸ் நகரத் தெருவில் கலைஞர் எலினா சௌவெட் வைத்தது 33 ஜோடி சிவப்புக் காலணிகள். பெண்கள் காணாமல் போய்க்கொண்டும் கொல்லப்பட்டுக்கொண்டும் இருந்த ஊர் அது. காலணி இருக்கிறது, போட்டிருந்தவள் இல்லை. இதைவிடச் சிக்கனமாக ஒன்றை வரைந்தால் அனுப்புங்கள், பார்க்கிறேன்.

சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருப்பது அதுதான். 1978-ல் கலைஞர் மோனிகா மேயர் மெக்சிகோ நகரில் பல வயது, பல தொழில், பல வர்க்கம் என்று சுமார் 800 பெண்களிடம் இளஞ்சிவப்புச் சீட்டுகளைக் கொடுத்தார். 'ஒரு பெண்ணாக இந்த நகரத்தில் எனக்கு மிகவும் பிடிக்காதது...' என்பது வரை அதில் இருக்கும். மிச்சத்தை அவர்கள் எழுதவேண்டும். நிரம்பிய சீட்டுகளைத் துணி காயப்போடும் கொடியில் கிளிப் மாட்டி, நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தொங்கவிட்டார். பலரும் எழுதியிருந்தது தெருவிலும் பேருந்திலும் அனுபவிக்கும் பாலியல் சீண்டலை.

கருத்துக்கணிப்புதானே என்பீர்கள். கணிப்பில் இந்தப் பெண்கள் வெறும் சதவீதக் கணக்காகியிருப்பார்கள். கொடியில் ஒவ்வொருத்தியின் கையெழுத்தும் அப்படியே இருந்தது. தனக்கு மட்டும் நேர்ந்த அவமானம் என்று ஒருத்தி மறைத்துவைத்திருந்தது, பக்கத்துச் சீட்டில் வேறு கையெழுத்தில் தொங்குகிறது. பார்க்க வந்த பெண்கள், யாரும் கேட்காமலே, சீட்டுகளில் மிஞ்சிய இடத்தில் தங்கள் பதில்களையும் எழுதிவிட்டுப் போனார்கள்.

கோஷம் போடுகிறவர் பதிலோடு வருவார். மேயர் பாதி வாக்கியத்தோடு வந்தார். அந்தப் பாதியை எங்கே நிறுத்துவது என்று தெரிவதுதான் கலை. கவிதையில் சொல்லாமல் விடுவதைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறோம். ஒரு பெண் அதையே துணிக்கொடியில் செய்துவிட்டால் உடனே பிரச்சாரம் என்கிறோம். இத்தனைக்கும் வீட்டு வேலையின் அந்தக் கொடியை அருங்காட்சியகத்துக்குள் கட்டியதே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. ஓவியரான உங்கள் கண்ணில் இது படவில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

அப்புறம், இரண்டையும் சேர்ப்பது. போராட்டத்துக்கு வந்த பெண்களிடம் நீங்கள் எப்போதாவது எதையாவது கேட்டதுண்டா? அல்லது எழுதித் தயாராக இருந்த தட்டியைக் கையில் கொடுத்தீர்களா? அதை எழுதுங்கள். ஓவியங்களையும் அனுப்பலாம், இரண்டு மூன்று போதும்.

அன்புடன்.