புதுச்சேரியும் அல்ஜீரியாவும்: 1954 நவம்பர் 1

அன்புள்ள ஐயா,

கோவாவை விட போர்ச்சுகல் மறுத்தது. 1961இல் ராணுவம் போகவேண்டி வந்தது. பிரான்ஸோ 1954இல் போரில்லாமலே புதுச்சேரியைக் கொடுத்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்களின் ஜனநாயகப் பண்புதானே இதற்குக் காரணம்?

ஒரு வாசகர், காரைக்கால்

அன்புள்ள நண்பருக்கு,

புதுச்சேரியில் ஆட்சி கைமாறிய 1954 நவம்பர் 1 அன்று, விடிவதற்கு முன்பே அல்ஜீரியாவில் பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. தேசிய விடுதலை முன்னணி போரைத் தொடங்கிய நாள் அதுதான். இரண்டுக்கும் பாரிஸில் ஒரே பிரதமர், பியர் மெந்தெஸ் பிரான்ஸ். புதுச்சேரியை விட்டவர் அல்ஜீரியாவுக்குக் கூடுதல் படை அனுப்பினார். அங்குள்ள மாவட்டங்கள் பிரெஞ்சுக் குடியரசின் பகுதி, பிரிவினைக்கு இடமே இல்லை என்று நவம்பர் 12 அன்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். உள்துறை அமைச்சர் பிரான்சுவா மித்தெரான் நிலைப்பாடும் அதுவே. பண்புதான் காரணம் என்றால் அது அல்ஜீரியாவுக்கு ஏன் எட்டவில்லை?

என் பார்வையில், அந்த வருடத்தைப் புரிந்துகொள்ள மே 7இலிருந்து தொடங்கவேண்டும். வியட்நாமில் பிரெஞ்சுப் படையின் தியன் பியன் பூ கோட்டை, ஏறக்குறைய இரண்டு மாத முற்றுகைக்குப் பின் வீழ்ந்தது. பிரெஞ்சு அரசும் கவிழ்ந்தது. முப்பது நாளில் போர்நிறுத்தம், இல்லையென்றால் பதவி விலகல் என்று சொல்லிப் பதவிக்கு வந்தவர் மெந்தெஸ் பிரான்ஸ். ஜெனீவாவில் அதைச் சாதித்தும் காட்டினார். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஜூலை முடிவில் துனீசியாவுக்கு உள்நாட்டுத் தன்னாட்சி தருவதாக அறிவித்தவரும் அவர்தான்.

வியட்நாம் உள்ளிட்ட இந்தோசீனாவே போனபிறகு புதுச்சேரியைப் பிடித்துவைத்து என்ன பயன்? ஏனாமும் மாஹேயும் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தன. வ. சுப்பையா போன்றவர்கள் பல வருடங்களாகப் போராடியதை மறந்துவிட்டு பாரிஸின் பெருந்தன்மை என்று பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள்.

அல்ஜீரியா வேறு கதை. 1830இல் பிடிக்கத் தொடங்கிய நாடு. 1848இலிருந்து சட்டப்படி பிரான்ஸின் பகுதி. சுமார் பத்து லட்சம் ஐரோப்பியக் குடியேறிகள் அங்கே வாழ்ந்தார்கள், அவர்களுக்காகப் பேச நாடாளுமன்றத்தில் ஆளும் இருந்தது. புதுச்சேரிக்காகப் பாரிஸில் எந்த அரசும் கவிழ்ந்திருக்காது. வட ஆப்பிரிக்கா பற்றிய விவாதத்திலோ மெந்தெஸ் பிரான்ஸின் அரசே 1955 பிப்ரவரியில் கவிழ்ந்தது.

அப்புறம், 1954இல் கைமாறியது நிர்வாகம் மட்டும். இணைப்பு ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தந்தது அல்ஜீரியா விடுதலை பெற்ற 1962இல்தான். சட்டப்படி புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது அந்த வருடம் ஆகஸ்ட் 16 அன்று.