கேமரா பேட்டரியை ஆறு மாதம் சார்ஜரிலேயே விடலாமா?

விடாதீர்கள். 40–50 சதவீதம் சார்ஜில் கழற்றி, வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

போன முறை முழு சார்ஜில் வைத்த லித்தியம் பேட்டரி இப்போது சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்கிறீர்களே, அதற்குப் பெரும்பாலும் அந்த முழு சார்ஜும் சூடும்தான் காரணம். பேட்டரிக்குள் இருக்கும் செல் முழு சார்ஜில், அதாவது 4.2 வோல்ட்டில் நின்றுகொண்டே இருந்தால் கொள்ளளவு வேகமாகக் குறையும். போனது திரும்பி வராது.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் முனைகளில் வைத்துப் பாருங்கள். செல்லுக்கு 3.7–3.8 வோல்ட் காட்டினால் சரி. 7.2 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் உள்ளே இரண்டு செல்கள், அப்போது 7.4–7.6. அப்புறம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, குறைந்திருந்தால் பாதிவரை மட்டும் ஏற்றுங்கள்.

ஒன்று முக்கியம்: உறை லேசாக உப்பி, மேசையில் வைத்தால் ஆடுகிறதா? தயவுசெய்து சார்ஜ் ஏற்றவே வேண்டாம், தீப்பிடிக்கலாம். குப்பையிலும் போடாமல் மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.