மலிவான மடிக்கணினியில் எதற்குப் பணம் கொடுக்கலாம்?

கேள்வி: என் மகள் ஏப்ரலில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வணிகப் படிப்பில் சேரவிருக்கிறாள். 400 வெள்ளிக்கே மடிக்கணினி கிடைக்கிறது என்கிறார் என் தம்பி. மூன்றாண்டு தாங்க வேண்டுமானால் 1,200 வெள்ளியாவது ஆகும் என்கிறார் கடைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: இருவருமே விலையைத்தான் பேசுகிறார்கள், நீங்கள் கேட்க வேண்டியது, வாங்கிய பிறகு எந்தப் பாகத்தை மாற்ற முடியாது என்பதை. இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் எனப்படும் நினைவகம் தாய்ப்பலகை என்னும் முதன்மைச் சுற்றுப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், வாங்கும் நாளில் உள்ள அளவுதான் கடைசிவரை. கணினியின் மூளையான செயலியும் (பிராசசர்) திரையும்கூடப் பெரும்பாலும் அப்படியே. ஆகவே கையிலுள்ள பணம் முதலில் இவற்றுக்குத்தான் போக வேண்டும். கோப்புகளை வைக்கும் சேமிப்பகம் தனியாகக் கழற்றக்கூடிய எஸ்எஸ்டி வகையாக இருந்தால், இப்போது 256 ஜிபி போதும். பிறகு பெரியதாக மாற்றிக்கொள்ளலாம்.

மிக மலிவான கணினிகள் சிலவற்றில் 4 ஜிபி ரேமும், பலகையோடு ஒட்டிய, இஎம்எம்சி என்னும் மலிவு வகையைச் சேர்ந்த 64 ஜிபி சேமிப்பகமும் இருக்கும். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவே இவைதாம். அந்தக் கணினி இயங்கும், ஆனால் உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்துகொண்டு இணையவழி வகுப்பிலும் அமர்ந்தால் திணறும். பெரிய புதுப்பிப்பு வரும்போது இடமும் போதாது. அத்தகையதை வாங்க வேண்டாம் என்று உறுதியாகவே சொல்கிறேன். 8 ஜிபி இன்றைக்குப் போதும் என்றாலும், மூன்றாண்டுகளை எண்ணினால் 16 ஜிபிக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயமான செலவு. ரேமைப் பிறகு சேர்க்க இடமிருந்தால் 8 ஜிபியில் தொடங்கலாம். ஆனால் 2025 இறுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை வெகுவாக ஏறியிருப்பதால், காத்திருந்து வாங்குவது மலிவு என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது.

விளையாட்டுகளுக்கான தனி கிராபிக்ஸ் அட்டையும் தொடுதிரையும் வணிகப் படிப்புக்குத் தேவையில்லை. கடைக்காரர் சொல்லும் 1,200 வெள்ளியில் இவற்றின் விலையும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். குடும்ப வருமானம் குறைவாக இருந்தால், தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் ‘டிஜிட்டல்ஆக்சஸ்@ஹோம்’ திட்டத்தில் சலுகை விலைக் கணினிக்குத் தகுதி உண்டா என்பதை முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய மடிக்கணினியைச் சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் வாங்கலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: தாராளமாக. அலுவலகங்களுக்கென்று செய்யப்பட்டவை உறுதியானவை. பலவற்றில் ரேமையும் மாற்றலாம். ஆனால் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிந்துவிட்டது, ஆகவே விண்டோஸ் 11 ஓடக்கூடியதாகப் பாருங்கள். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். அதற்கு முந்தியது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். 2012 செப்டம்பரில் சிங்கப்பூரில் நடப்புக்கு வந்த குறைபாடுள்ள பொருள்களுக்கான சட்டம் பழைய பொருளுக்கும் பொருந்தும்: ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொதுவாக விற்றபோதே இருந்ததாகக் கருதப்படும். இப்பாதுகாப்பு கடையில் வாங்குவோருக்குத்தான். தனிநபரிடம் வாங்கினால் கிடையாது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், மின்கலம் புதியதா, பழையதா என்பதை அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.