கேள்வி–பதில்: மலையில் பழைய காருக்கு நாமே பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி: அப்பா வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நாலு கதவு வண்டி, எங்கள் ஷெட்டில் நிற்கிறது. எஞ்சின் நன்றாக ஓடுகிறது. ஆனால் பெயின்ட் உதிர்ந்து, கதவுகளின் அடியில் துரு ஏறிவிட்டது. பெயின்டர் கேட்கும் தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. நானே அடிக்க நினைக்கிறேன், ஸ்ப்ரே கன்னைக் கையில் பிடித்ததே இல்லை. பி.யு. (பாலியூரிதீன்) பெயின்ட் அடிக்கலாமா, எங்கே ஆரம்பிப்பது என்று சொல்லுங்கள் ஐயா. – வாசகர், கோத்தகிரி

பதில்: தாராளமாக அடிக்கலாம். வீட்டில் வைத்து வேலை பார்க்க ஹெரால்டைவிட வசதியான வண்டி குறைவு. நம் சென்னையிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி செய்த கார் அது. அடியில் சேசிஸ் தனி, மேலே பாடியைப் பகுதி பகுதியாகப் போல்ட் போட்டுப் பூட்டியிருப்பார்கள். பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். கழற்றி வைத்து நிதானமாக அடிக்கலாம்.

ஆனால் பானெட்டில் ஆரம்பிக்காதீர்கள். டிக்கி கதவைக் கழற்றி ஒரு பழைய மேஜைமேல் போடுங்கள். துரு எடுப்பது, பள்ளம் நிரப்பும் பட்டி, அடிப்பூச்சான பிரைமர், கலர், பாலிஷ் எல்லாவற்றையும் முதலில் அந்த ஒரு தகட்டிலேயே முடித்துப் பாருங்கள். கோணலாக வந்தால் தேய்த்துவிட்டுத் திரும்ப அடிக்கலாம், யார் கண்ணிலும் படாது. அதன் பிறகு கதவுகள், கடைசியில் பானெட்.

பி.யு. வேண்டாம் என்றே சொல்வேன். அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகக்கவசம் இல்லாமல் வீட்டு ஷெட்டில் அதை அடிப்பது உயிரோடு விளையாடுவது. இந்த விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. முதல் வேலைக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் போதும். சீக்கிரம் காயும், பிசகினால் தேய்த்து மறுபடி அடிக்கலாம், பழைய வண்டிக்கு அந்த மெல்லிய பளபளப்புதான் பொருத்தமும்கூட. அதற்கும் கார்பன் கேட்ரிஜ் வைத்த மாஸ்க் கட்டாயம். கைக்குட்டை கட்டிக்கொள்வது எதற்கும் உதவாது.

கையோடு ஒன்றைச் சோதித்துவிடுங்கள். வெள்ளைத் துணியில் என்.சி. தின்னரை நனைத்து, பழைய பெயின்டை ஓரமாகத் துடையுங்கள். நிறம் துணியில் ஒட்டினால் அடியில் இருப்பது லேக்கர், மேலே லேக்கர் அடிக்கலாம். சுருங்கி எழும்பினால் அது எனாமல், முழுவதையும் எடுத்தாக வேண்டும். எடுக்கும்போது தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளால் தேயுங்கள். அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், உலர்ந்த தூள் பறந்தால் குழந்தைகளுக்கு ஆபத்து.

துரு பிடித்த இடத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பளபளவென்று தகடு தெரியும்வரை விடாதீர்கள். ஓட்டை விழுந்திருந்தால் டிங்கரிங் ஆளிடம் கொடுத்து வெல்டிங் வைக்க வேண்டும். ஓட்டையைப் பட்டியால் மூடினால் உள்ளே துரு ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஹெரால்டில் கதவின் அடியோடு நிறுத்தாமல் டிக்கித் தரையையும், சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகளையும் தட்டிப் பாருங்கள். அவை இற்றிருந்தால் பெயின்ட் செலவுக்கு முன்னால் அந்தச் செலவு நிற்கிறது. தேய்த்த தகட்டுக்கு அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். நம் மலையில் ஒரு ராத்திரி விட்டால் காலையில் செம்மண் நிறத்தில் மெல்லிய துரு படர்ந்திருக்கும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். குன்னூரில் ஷெட் வைத்து வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்தே காலம் ஓட்டியவன் நான். சமவெளியில் இருந்து வந்த நல்ல நல்ல பெயின்டர்கள்கூட இங்கே திணறியிருக்கிறார்கள். காரணம் பனிமூட்டம். லேக்கரில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகட்டைக் குளிர்வித்துவிடும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, அடித்த கலர்மேல் பால் தெளித்ததுபோல வெள்ளை பூத்துவிடும். கருநீலம், மெரூன் மாதிரி அடர்ந்த நிறங்களில் நன்றாகவே தெரியும்.

அதனால் காலத்தைப் பாருங்கள். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை பலமாகவே உண்டு, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஸ்ப்ரே கன்னைத் தொட வேண்டாம். ஜூன் தொடங்கி மூட்டமும் தூறலும் இருக்கும். பிப்ரவரி, மார்ச் உங்களுடையது. அதிலும் காலை பத்தரைக்குமேல், வெயில் ஏறித் தகடு கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் தொடங்கி, மதியம் மூட்டம் ஏறுவதற்குள் கடைசிப் பூச்சை முடித்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் ஈரத்துணியால் தகட்டில் ஓர் இடத்தை நனையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஈரம் முழுக்கக் காய்ந்தால் அடிக்கலாம். காயவில்லையா, கன்னைக் கழுவி வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள்.

வெள்ளை பூத்துவிட்டாலும் பயப்பட வேண்டாம். உலர்ந்த வேளையில் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் சேர்த்த தின்னரை மட்டும் மெலிதாகத் தெளித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஷெட்டைச் சூடாக்கக் கரி அடுப்போ, கம்பி சிவக்கும் ஹீட்டரோ வைக்காதீர்கள். தின்னர் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைப் பிடிக்கும்.

அடிக்கும்போது கன்னைத் தகட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். கை நகரத் தொடங்கிய பிறகு டிரிகரை அழுத்துங்கள், தகட்டின் விளிம்பைத் தாண்டியதும் விடுங்கள். ஒவ்வொரு வரியும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். ஒரே பூச்சில் மினுமினுக்க வைக்க ஆசைப்பட்டால் ஒழுகும். மெல்லிய பூச்சுகளாக, இடையில் ஒவ்வொன்றும் காய விட்டு அடியுங்கள். அடித்ததும் மங்கலாகத்தான் இருக்கும். இரண்டு வாரமாவது விட்டு, 1500 நம்பர் வாட்டர் பேப்பரும் அப்புறம் காம்பவுண்டு என்ற பாலிஷ் பசையும் போட்டால் பளபளப்பு வரும். விளிம்புகளில் அழுத்தித் தேய்க்காதீர்கள், அங்கே பெயின்ட் மெலிந்திருக்கும்.

கேள்வி: என் அம்பாஸடர் கதவுக்கு நானே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தேன். ஒரு மழைக்காலம் போனதும் கடுகு கடுகாகக் கொப்புளம் வந்திருக்கிறது. பெயின்ட் கலப்படமா? – வாசகர், கொடைக்கானல்

பதில்: பெயின்ட்டைக் குறை சொல்லுமுன் இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தீர்களா? ஹார்ட்னர் கலக்கும் பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும், அதைக் காய்ந்த உப்புத்தாளால்தான் தேய்க்க வேண்டும். அடுத்தது, பிரைமரோடு வண்டியை எத்தனை நாள் விட்டீர்கள்? சாதாரண பிரைமர் தண்ணீரைத் தடுக்காது. பனியில் நின்ற பிரைமர்மேல் கலர் அடித்தால் உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். ஒரு கொப்புளத்தை ஊசியால் குத்திப் பாருங்கள். உள்ளே துருப்பொடி வந்தால் அந்த இடத்தைத் தகடுவரை இறக்கியே ஆக வேண்டும். மறுபடி அடிக்கும்போது காற்றோடு தண்ணீர் வராமல் இருக்க, கம்ப்ரஸர் டேங்கின் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள், கன்னுக்கு முன்னால் ஈரத்தைப் பிடிக்கும் ஒரு வாட்டர் டிராப்பும் மாட்டுங்கள்.

கேள்வி: வெள்ளை பத்மினி காரைப் பச்சையாக மாற்றலாமா? – வாசகி, கூடலூர்

பதில்: மாற்றலாம். ஆனால் ஆர்.சி.யில் நிறமும் பதிவாகியிருக்கும். பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து, நிற மாற்றத்தைப் பதிய என்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். கதவின் உள்விளிம்பு, பானெட்டின் அடிப்பக்கம், டிக்கியின் உள்ளே எல்லாவற்றுக்கும் பச்சை போக வேண்டும் என்பதால் பெயின்ட்டைச் சற்றுக் கூடுதலாக, ஒரே தடவையில் வாங்கிக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலக்கினால் அதே பச்சை வருவது கஷ்டம்.