பேச்சுப் போட்டியில் பரிசு, பாடத்தை விளக்கச் சொன்னால் மௌனம்

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு. மேடையில் ஐந்து நிமிடம் தடங்கல் இல்லாமல் பேசிப் பரிசு வாங்குகிறான். படித்த பாடத்தை விளக்கச் சொன்னால் இரண்டு வார்த்தையோடு நின்றுவிடுகிறான். ஆளுமை வளர்ச்சி வகுப்பில் மூன்று மாதத்துக்கு 12,000 ரூபாய் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, பணம் உங்களிடமே இருக்கட்டும். அந்த வகுப்புகளில் கையை எங்கே வைப்பது, எங்கே பார்ப்பது, யாரோ எழுதிய உரையை எப்படி ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிப்பது, இவ்வளவுதான் பெரும்பாலும் நடக்கும். அது உங்கள் மகனுக்கு ஏற்கெனவே வருகிறது. பள்ளி வழியாகவே நோட்டீஸ் வந்திருந்தால் இன்னும் உஷாராக இருங்கள், ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று கமிஷன் பேசி முடித்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் ஒரு மணி நேரம் பின்வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள், ஒவ்வொரு பிள்ளையும் சொந்த வார்த்தையில் எத்தனை நிமிடம் பேசுகிறது என்று கவனியுங்கள். உட்காரவே விடாவிட்டால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

நான் அறிவியல் வகுப்பில் பலமுறை பார்த்தது இது. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று கேட்டால் 'ஆவியாதல் சார்' என்று உடனே பதில் வரும். அதையே உன் பாட்டிக்குச் சொல்லு என்றால் பையன் திகைத்துப்போவான். பானையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். 'வெளியே ஈரமா இருக்கு சார்' என்றான். ஈரம் எங்கிருந்து வந்தது, பிளாஸ்டிக் குடத்தில் ஏன் இல்லை என்று கேட்கக் கேட்க, பானையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கு, தண்ணீர் கசியுது, காற்றில் காயும்போது உள்ளே இருக்கிற சூட்டையும் எடுத்துட்டுப் போகுது என்று அவனே சொல்லி முடித்தான். பாதி பேச்சுவழக்குதான், இருக்கட்டும். எழுத்து நடையை அப்புறம் திருத்திக்கொள்ளலாம்.

வீட்டிலும் இப்படித்தான். விஷயம் தெரியாத ஒருவரிடம் தினமும் ஐந்து நிமிடம் சொல்லட்டும். முதலில் ஒரே வரியில் விஷயம், அப்புறம் காரணம், அப்புறம் கண்ணால் பார்த்த ஓர் உதாரணம். கேட்டவர் தனக்குப் புரிந்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும், எங்கே விட்டோம் என்பது அப்போதுதான் அவனுக்கே தெரியும். நடுவில் திருத்தாதீர்கள்.

பள்ளி இதைச் செய்ய வேண்டாமா என்று கேட்பீர்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவத் தேர்வு தவிர வகுப்பிலேயே அவ்வப்போது செய்யும் மதிப்பீட்டுக்கு, 40 மதிப்பெண் வைத்ததே இதற்காகத்தான். நடப்பது என்ன? ஸ்டேஷனரி கடையில் படம் வாங்கி சார்ட்டில் ஒட்டிக் கொடுத்தால் மதிப்பெண் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. அந்தச் சார்ட்டைப் பற்றி ஒரு கேள்விகூட யாரும் கேட்பதில்லை. 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, அவர் கையில் பாதி நேரம் பதிவேடுதான் இருக்கிறது, எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஒன்றை மட்டும் தனியாகப் பாருங்கள். வார்த்தையின் முதல் எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறானா, இழுக்கிறானா, வாய் திறந்தும் சத்தம் வராமல் கண்ணை இறுக்கிக்கொள்கிறானா? மனப்பாடமாகச் சொல்லும்போது திக்காத சில பிள்ளைகளுக்குச் சொந்தப் பேச்சில் திக்கும், அதனால் மேடையை வைத்து முடிவு செய்யாதீர்கள். அப்படி இருந்தால் மேலே சொன்ன பயிற்சி மட்டும் போதாது. 'மெதுவா பேசு, மூச்சு விட்டுப் பேசு' என்று சொல்லாதீர்கள், வார்த்தையை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள், அவன் முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் போய், பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். திக்குவாயை 30 நாளில் தீர்ப்பதாகச் சுவரொட்டி ஒட்டுகிறவர்களிடம் மட்டும் போகவே போகாதீர்கள்.