நடந்த மறுநாள் ஏன் எழுந்திருக்க முடிவதில்லை?

கேள்வி: எனக்கு 41 வயது. பெருந்துறைக்குப் பக்கத்துக் கிராமம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். எட்டு மாதங்களுக்கு முன் கடுமையான காய்ச்சல் வந்துபோனதிலிருந்து அசதி தீரவில்லை. தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார்கள். நடந்த அன்று ஒன்றும் தெரிவதில்லை. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அடித்துப் போட்டதுபோல் படுத்துவிடுகிறேன். வீட்டில் சோம்பல் என்கிறார்கள். நடப்பதைத் தொடரலாமா?

பதில்: அம்மா, இப்போதைக்கு அந்த முக்கால் மணி நேர நடையை நிறுத்திவிடுங்கள். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி, ‘நடந்த அன்று ஒன்றும் தெரிவதில்லை’ என்பதுதான். பழக்கமின்மையால் உடல் தளர்ந்தவர் நடந்தால் அப்போதே மூச்சு வாங்கும். நன்றாகத் தூங்கி எழுந்தால் தெளிந்து, சில வாரங்களில் முன்பைவிடக் கூடுதலாக நடக்கவும் முடியும். மாதக்கணக்கில் அசதி தீராத ‘நாள்பட்ட சோர்வு நோய்’ (ME/CFS) என்பதிலோ, உழைப்பின் விளைவு பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்தே தாக்குகிறது. சோர்வோடு உடல்வலி, தலைச்சுற்றல், நினைவுத் தடுமாற்றம் ஆகியவையும் கூடி, நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ நீடிக்கும். 2015-இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் இந்நோய்க்கு வகுத்த வரையறையில், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சோர்வு, தூங்கியும் தெளிவின்மை ஆகியவற்றோடு, உழைப்புக்குப் பின் வரும் இந்த நலிவும் கட்டாய அறிகுறியாக இடம்பெற்றது.

இது மனப்பிரமை அல்ல. அடுத்தடுத்த இரண்டு நாட்கள் சைக்கிள் மிதிக்க வைத்து, மூச்சில் ஆக்சிஜனை அளக்கும் சோதனை ஒன்று உண்டு. ஆரோக்கியமானவர்கள் இரண்டாம் நாளும் ஏறக்குறைய அதே அளவு செய்துவிடுகிறார்கள். இந்நோயாளிகளில் பலருக்கு இரண்டாம் நாள் செயல்திறன் குறைந்துவிடுகிறது. கோவிட்டுக்குப் பின் இதே நலிவு தங்கிவிட்டவர்களின் தசையிலிருந்து சிறு துணுக்கை ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்து, பயிற்சிக்குப் பின் தசைச் சேதம் கூடியிருந்ததை 2024-இல் வெளியிட்டார்கள். நம் பக்கத்துக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள்: ஊற்று மெதுவாக ஊறும்போது, கண்ணுக்குத் தெரியும் தண்ணீரை நம்பி மோட்டாரை ஓட்டினால், அடுத்த பாய்ச்சலுக்குத் தண்ணீர் இருக்காது.

சிறிது சிறிதாகப் பயிற்சியைக் கூட்டும் முறையை முன்பு பரிந்துரைத்த இங்கிலாந்தின் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு, 2021-இல் அதை இந்நோய்க்குச் சிகிச்சையாகத் தரக்கூடாது என்று மாற்றிக்கொண்டது. உங்களுக்கு நடக்கச் சொன்னவரைக் குறை சொல்ல மாட்டேன். சர்க்கரை நோய்க்கும் மன அழுத்தத்துக்கும் அது நல்ல ஆலோசனைதான்.

ஆனால், கடிதத்தை வைத்து மட்டும் இந்நோய்தான் என்று நான் முடிவு கட்டக் கூடாது. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12 குறைவு, காசநோய், தூக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவற்றையும், மன அழுத்தத்தையும் ஒரு பொதுமருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். படுத்திருந்து எழுந்து நின்றால் பத்து நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு, படுத்திருந்தபோது இருந்ததைவிட நிமிடத்துக்கு 30-க்கு மேல் கூடுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். செக்கிங் டேபிளில் நின்றே வேலை பார்த்த உங்களுக்கு அது முக்கியம்.

அதுவரை ஒரு நோட்டில், காலை, மதியம், மாலை செய்த வேலையையும், அடுத்த இரண்டு நாட்கள் உடல் இருந்த நிலையையும் எழுதி வாருங்கள். இரண்டு வாரத்தில் உங்கள் எல்லை ஓரளவு பிடிபடும். அந்த எல்லைக்குக் கீழேயே நில்லுங்கள்: துணி துவைப்பதும் மாவாட்டுவதும் ஒரே நாளில் வேண்டாம், காய் நறுக்கும்போதும் குளிக்கும்போதும் ஸ்டூலில் உட்காருங்கள், அசதி தட்டுவதற்கு முன்பே படுங்கள். உடம்பு தெளிவாக இருக்கிற நாளில்தான், விட்ட வேலையையெல்லாம் பிடித்துவிட வேண்டும் என்று மனம் துடிக்கும். பலரும் விழுவது அன்றுதான். அதற்காக நாள் முழுவதும் படுத்தே கிடந்தாலும் தசை மெலியும். மறுநாள் நலிவு வராத அளவுக்குக் கைகால் அசைத்து, வீட்டுக்குள் நடமாடுங்கள். சில வாரங்கள் நலிவே இல்லாமல் கழிந்தால் மட்டும், மருத்துவர் துணையோடு சிறிது கூட்டலாம்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், விடாத காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் உடனே போங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டோடு உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டிச் செல்லுங்கள். நோட்டில் இருக்கும் நாட்களை அவரும் உடன் உட்கார்ந்து பார்க்கட்டும்.