108-க்குப் பேசிய பதிவை யார் தர வேண்டும்?

கேள்வி: ஐயா, எங்களுக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கிராமம். ஐந்து மாதத்துக்கு முன்னால் ராத்திரி ஒன்றே காலுக்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. 108-க்கு அடித்தேன். ஊர்ப் பெயரைச் சொன்னேன். அதே பெயரில் வேறு மாவட்டத்திலும் ஊர் இருக்கிறது, எது என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே லைன் கட்டாகிவிட்டது. மறுபடி அடித்துத் தாலுகா, போஸ்ட் எல்லாம் சொன்னேன். வண்டி வந்தபோது மணி இரண்டரை. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அப்பா போய்விட்டார். அந்தப் போன் பதிவைக் கேட்டு மாவட்டத்தில் ஓர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். "இச்சேவையைத் தனியார் நிறுவனம் நடத்துகிறது, கோரிய தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை" என்று பத்து நாளைக்கு முன்னால் பதில் வந்தது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போ என்கிறார்கள் நண்பர்கள். அம்மா எதுவும் வேண்டாம் என்கிறார், நாளைக்கு நம் வீட்டுக்கே வண்டி வராமல் போய்விடும் என்று பயப்படுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: அப்பாவின் மறைவுக்கு என் அனுதாபங்கள். அம்மாவின் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வழக்குப் போட்ட வீடு என்று யாரும் பட்டியல் வைத்து வண்டியை நிறுத்த முடியாது, அப்படி ஒருவர் செய்தால் அதைவிடப் பெரிய வழக்கு வேறு இருக்காது. நாம் கேட்கப் போவதும் அன்றைக்கு வந்த பைலட்டையோ (வண்டி ஓட்டுநர்) ஈ.எம்.டி.யையோ (வண்டியில் வரும் மருத்துவ உதவியாளர்) அல்ல. அவர்கள் இரண்டு பேரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கவே சேர்க்காதீர்கள், கேஸ் எத்தனை மணிக்குத் தங்களுக்கு வந்தது என்று அவர்கள் வாயால் சொன்னால் அதுதான் உங்களுக்கு நல்ல சாட்சி.

சரி, அந்தப் பதில் கடிதம். அது சட்டப்படி நிற்காது, ஆனால் அதற்கு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் அதிலிருந்தே ஆரம்பிப்போம். தகவல் தன்னிடம் இல்லை, வேறு அரசு அலுவலகத்தில் இருக்கிறது என்றால், மனுவை வாங்கிய அலுவலர் 5 நாளுக்குள் அதை அங்கே அனுப்பிவிட்டு உங்களுக்கு எழுத வேண்டும். 6(3) பிரிவு அதைத்தான் சொல்கிறது. "எங்களிடம் இல்லை" என்று ஒரு வரி எழுதிக் கைகழுவ அவருக்கு வழியே கிடையாது. பதில் கைக்கு வந்து 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 19(1) பிரிவில் முதல் மேல்முறையீடு போட வேண்டும். பத்து நாள் போய்விட்டது என்கிறீர்கள், மீதி இருபது நாளையும் யோசித்துக்கொண்டே கழிக்காதீர்கள். அங்கேயும் சரியான பதில் வராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

அப்புறம் அந்தத் "தனியார்" என்ற வார்த்தை. 108-ஐப் பற்றி எழுதுகிற பாதிப் பேர் இந்த வார்த்தையைப் பார்த்ததும் பின்வாங்கிவிடுகிறார்கள், அலுவலகங்களுக்கும் அது நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. போனை எடுப்பதும் வண்டியை அனுப்புவதும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். ஆனால் ஒப்பந்தத்தில் மறுபக்கம் கையெழுத்துப் போட்டிருப்பது மாநில அரசு, வண்டிக்கும் டீசலுக்கும் சம்பளத்துக்கும் போவது அரசு நிதி, மேற்பார்வை மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழே. தகவல் உரிமைச் சட்டத்தின் 2(j) பிரிவைப் படித்துப் பாருங்கள், ஓர் அரசு அமைப்பு கையில் வைத்திருக்கும் தகவல் மட்டும் அல்ல, அதன் கட்டுப்பாட்டில் இருக்கும் தகவலும் நமக்கு உண்டு. ஒப்பந்தக்காரரின் சர்வரில் இருக்கிற பதிவை அரசு கேட்டால் அவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்னும்போது, அது அரசின் கட்டுப்பாட்டில் இல்லை என்று எப்படிச் சொல்வது? கணிசமாக அரசு நிதியில் ஓடும் அரசு சாராத அமைப்புகளும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தச் சண்டை கூட உங்களுக்கு இப்போது தேவையில்லை, நிறுவனத்தை விட்டுவிட்டு அரசிடமே கேளுங்கள்.

யாரிடம் என்றால், மாவட்டத்தில் இல்லை. முதல் மேல்முறையீடு ஒரு பக்கம் போகட்டும், கூடவே புது மனு ஒன்றை சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தமிழ்நாடு சுகாதார சீரமைப்புத் திட்டத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கும், அதே மனுவைத் தலைமைச் செயலகத்தில் மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கும் அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டினால் போதும். "உயிர் சம்பந்தப்பட்டது, 48 மணி நேரத்தில் தர வேண்டும்" என்று சிவப்பு மையில் எழுதச் சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த விதி இன்றைக்கு ஆபத்தில் இருக்கிற உயிருக்கு. உங்கள் மனுவுக்கு 30 நாள்தான்.

மனுவில் "ஏன் தாமதம்?" என்று ஒரு இடத்திலும் கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்கு இந்தச் சட்டத்தில் பதில் தர வேண்டியதில்லை, இருக்கிற ஆவணத்தின் நகலைத்தான் தர வேண்டும். அதனால் ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: இன்ன தேதியில், இன்ன எண்ணிலிருந்து வந்த இரண்டு அழைப்புகளின் ஒலிப்பதிவு. அந்தக் கேஸ் ஐ.டி.யின் (அழைப்புக்கு அவர்கள் போட்ட எண்) நேரப் பதிவு, அதாவது அழைப்பு இணைந்தது, துண்டானது, கேஸ் பதிவானது, வண்டிக்குக் கொடுத்தது, வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பியது, உங்கள் வீட்டுக்கு வந்தது, அங்கிருந்து கிளம்பியது, ஆஸ்பத்திரியைத் தொட்டது, இந்த எட்டு நேரமும் தனித்தனியாக. அன்றைக்கு அந்த வண்டியின் ஜி.பி.எஸ். தடம். ஈ.எம்.டி. எழுதிய நோயாளி பராமரிப்புப் பதிவு. ஒன்றே காலிலிருந்து இரண்டரை வரை உங்கள் தாலுகாவிலும் பக்கத்துத் தாலுகாவிலும் இருந்த 108 வண்டிகள் எங்கே நின்றன, எது எந்தக் கேஸில் இருந்தது என்ற பட்டியல். இவற்றோடு அரசுக்கும் நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தத்தின் நகல், அதில் வண்டி போய்ச் சேர வேண்டிய நேரம், தவறினால் என்ன நடவடிக்கை என்று சொல்லும் பகுதிகள், அந்த மாதத்து மேற்பார்வை அறிக்கை. மற்ற நோயாளிகளின் பெயர் வருகிறது என்று மறுத்தால், பெயரை மறைத்துவிட்டு மீதியைத் தரச் சொல்லி 10-ஆம் பிரிவு இருக்கிறது. வணிக ரகசியம் என்பார்கள். அரசுப் பணத்தில் ஓடும் ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வர வேண்டும் என்பதில் என்ன வணிகம், என்ன ரகசியம்?

எந்த சர்வரிலும் ஒலிப்பதிவு என்றென்றைக்கும் கிடக்காது. அதனால் மனுவுக்குப் பதில் வரும் வரை காத்திருக்காமல், "இந்த அழைப்புகள் சம்பந்தமாகச் சட்ட நடவடிக்கை எடுக்க இருக்கிறேன், பதிவுகளை அழிக்கக் கூடாது" என்று துறைச் செயலாளருக்கும் நிறுவனத்துக்கும் ஒரு பக்கக் கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையுடன் அனுப்பிவிடுங்கள். இதற்குப் பிறகு பதிவு காணாமல் போனால் நீதிமன்றத்தில் அது அவர்களுக்குத்தான் சங்கடம். உங்கள் போனில் அன்றைய கால் லாக் இன்னும் இருந்தால் இரண்டு அழைப்பும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுப் பதிவேட்டில் "பிராட் டெட்" (கொண்டுவரும்போதே இறந்திருந்தார்) என்று எத்தனை மணிக்கு எழுதியிருக்கிறார்கள் என்பதும் வேண்டும். ப்ரீபெய்டு சிம் என்றாலும் கடந்த ஆறு மாதத்துக்கான அழைப்பு விவர பில்லை, ஐம்பது ரூபாய்க்கு மேற்படாத கட்டணத்தில், கம்பெனியிடம் கேட்டு வாங்கலாம். உங்களுக்கு அந்த ஆறு மாதத்தில் ஒரு மாதம்தான் பாக்கி. இலவச அழைப்பு அதில் வராமல் போனாலும் கவலைப்பட வேண்டாம், அழைப்பு விவரப் பதிவைக் கம்பெனிகள் இரண்டு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை, பின்னால் நீதிமன்றம் மூலம் வரவழைக்கலாம்.

இவ்வளவு பதிவு எதற்கு என்றால், யார் மேல் தவறு என்று இன்றைக்கு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போன் எடுத்தவர் ஊரை மாற்றிப் பதிந்திருக்கலாம். பக்கத்து வண்டி பிரசவக் கேஸில் போயிருக்கலாம். சிக்னல் விட்டதால் லைன் போயிருக்கலாம். அழைப்புகள் தொலைவில் உள்ள கட்டுப்பாட்டு அறைக்குப் போகின்றன, புதூர் என்று ஓர் ஊர் இல்லாத மாவட்டம் நம் பக்கம் ஏது? இந்தக் குழப்பத்தை எதிர்பார்த்து ஏற்பாடு செய்திருக்க வேண்டியது நடத்துகிறவர் வேலை, செய்தார்களா என்று பார்க்க வேண்டியது அரசின் வேலை. வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நுகர்வோர் கோர்ட் யோசனையை, 108-ஐப் பொறுத்தவரை, விட்டுவிடுங்கள். இலவசமாகச் செய்யும் சேவை 2019 நுகர்வோர் சட்டத்தின் "சேவை" என்ற விளக்கத்துக்குள் வராது. நாங்கள் வரி கட்டுகிறோமே என்ற வாதத்தையும் 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு ஓடும் தனியார் ஆம்புலன்ஸ் என்றால் கதை வேறு. இன்னொரு விதிவிலக்கும் உண்டு: லைன் கட்டானது போன் கம்பெனியின் குறைபாட்டால்தான் என்று பதிவுகள் காட்டினால், கம்பெனி மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். டெலிகாம் புகாருக்கும் அங்கே இடம் உண்டு என்பது 2022-ல் வோடபோன் வழக்கில் முடிவாகிவிட்டது. அதற்கு இரண்டு வருடக் கெடு.

அரசுக்கு எதிராக என்றால் உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் 1996-ன் பஸ்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி தீர்ப்பு. ஹக்கீம் ஷேக் என்ற தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து அடிபட்டு, கல்கத்தாவில் அரசு ஆஸ்பத்திரி ஒவ்வொன்றாக இடமில்லை என்று திருப்பி அனுப்ப, கடைசியில் தனியாரிடம் போய்ச் சேர்ந்தார். அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கொடுத்ததோடு, அவசர சிகிச்சை தராதது உயிர் வாழும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 21-வது பிரிவை மீறுவது என்றும், பணமில்லை என்று அரசு சாக்குச் சொல்ல முடியாது என்றும் நீதிமன்றம் சொன்னது. எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை இருக்கிறது என்று பார்த்து அனுப்ப மையத் தகவல் தொடர்பு ஏற்பாடும், கருவிகளும் ஆட்களும் உள்ள ஆம்புலன்ஸும் வேண்டும் என்று அதிலேயே பட்டியல் போட்டிருக்கிறது. 108 வருவதற்குப் பன்னிரண்டு வருடம் முன்னால்! உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அரசியலமைப்பின் 226-வது பிரிவில் ரிட் (அரசின் கடமையைக் கேட்கும் மனு) போடும்போது இதுதான் அடித்தளம். வேலையை வெளியாளுக்குக் கொடுத்தாலும் கடமை அரசை விட்டுப் போவதில்லை என்பது நம் வாதம்.

ஆனால் ஒன்று. ரிட்டில் சாட்சி விசாரணை நடத்த மாட்டார்கள். தாமதம் ஆவணத்திலேயே தெளிவாக இருந்தால் ரிட் சரி, இரண்டு பக்கமும் கதை மாறினால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். வண்டி சீக்கிரம் வந்திருந்தால் அப்பா பிழைத்திருப்பாரா என்ற கேள்வி எங்கே போனாலும் வரும், அதற்கு இதய மருத்துவர் ஒருவரின் கருத்து தேவைப்படும், அந்த இடத்தில்தான் இந்த மாதிரி வழக்குகள் சறுக்குகின்றன. பெரிய தொகை கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சிவில் வழக்கென்றால் மரணத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள், அரசுக்கு முன்கூட்டியே இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு. மாநில மனித உரிமை ஆணையம் செலவில்லாத வழி, அதற்கு ஒரு வருடம்தான் கெடு, அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-ல் சொல்லியிருக்கிறது. முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்கும் புகார் செய்து எண் வாங்கிவையுங்கள், பெரிதாக நடக்காவிட்டாலும் ஒரு பேப்பர் சேரும்.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அம்மா பெயரில் வழக்குப் போட்டால் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும், பெண்களுக்கு அந்த உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. ராமநாதபுரம் கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், அல்லது சட்ட உதவி எண்ணான 15100-க்கு அடியுங்கள். இந்த வாரம் முதல் மேல்முறையீடும் பதிவை அழிக்கக் கூடாது என்ற கடிதமும் போகட்டும். எட்டு நேரமும் கைக்கு வந்ததும் ஒரு நகல் எனக்கு அனுப்புங்கள், ரிட்டா சிவிலா என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.